பாகம்பிரியாள் என்னுந் திருப்பெயர்

மக்களுக்கு இடப்படும் பெயர், ஒருவரை ஏனையோரினின்று பிரித்தறிதற்கு அமைந்த வெறுங்குறியே என்பாருளர். சைவநன்மக்கள் அதனை அவ்வளவில் நிறுத்தினாரல்லர். நாடோறும் பன்முறை நாவால் வழங்கப்படுவதொரு சொல், இறைவனையேனும் அவனடியாரையேனும் நினைப்பிப்பதாதல் வேண்டுமென்பது அவர்தங் கருத்து. திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகணாயனார், தாங் கண்ணாற் கண்டறியாத திருநாவுக்கரசு நாயனாரது பெயரையே தம் மைந்தரிருவர்க்கும் மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என இட்டனர். தாம் அமைத்த தண்ணீர்ப்பந்தர் முதலியவற்றிற்கும் அப்பெயரையே வழங்கினர். அவ்வழியே எழுந்தருளிய நாவுக்கரசர், பந்தரிலே தம் பெயர் எழுதப்பட்டிருத்தலைக் கண்டு, அதனை அமைத்தார் யாவரென வினவி, அடிகளது மனையை அடைந்தனர் என்பது பெரியபுராண வரலாறு. இட்ட பெயரே அப்பெயருடையாரை இட்டவர் மனைவாயிலிற் கொணர்ந்து நிறுத்திற்று. பெயரிடுதலின் பயனை இதனினும் விளங்கக் காட்டல் அரிது.

இவ்வழக்குக் கொங்கு நாட்டிலும் நன்கு பயின்றதொன்று. கோயமுத்தூரை அடுத்த பேரூரிலே பட்டீசுவரருடன் எழுந்தருளிய அம்மை பச்சைநாயகி எனவும் மரகதவல்லி எனவும் வழங்கப்பெறுவர். அவிநாசியென்னுந் திருப்புக்கொளியூரில் அம்மை பெருங்கருணைநாயகி, வடமொழியிற் கருணாம்பிகை. இரண்டாறுகள் கூடும் பவானியாகிய திருநணாவில் வேதநாயகி. காவிரிக்கரைக் கொடுமுடியில் வடிவுடைநாயகி. இத்திருப்பெயர்கள் மரகதம் எனவும், கருணாம்பிகை எனவும், வேதநாயகி எனவும் அந்நாட்டுப் பெண்மக்களுக்கு வழிவழி வழங்கிவந்துள்ளன. குலதெய்வத்தின் பெயரோடு ஆத்தாள் என்பதனைச் சேர்த்து அழைத்தலும், பாட்டியின் பெயரைப் பெயர்த்திக்கு இடுதலும் அந்நாட்டார் போற்றும் மரபுகளாம்.

இப்பெயர்களுள் ஒன்று மட்டும் தனித்து நின்று ஆராய்ச்சிக்குரியதாகின்றது. அது திருச்செங்கோட்டு அம்மையின் பெயராகிய பாகம்பிரியாள் என்பது. பச்சைநாயகி என்பது அம்மையின் நிறத்தைச் சுட்டும். கருணாம்பிகை என்பது குணத்தைச் சுட்டும். வடிவுடைநாயகி என்பது அழகைச் சுட்டும். பாகம்பிரியாள் என்பதோ நிறமுங் குணமும் வடிவும் சுட்டாது, அம்மைக்கும் அப்பனுக்கும் உள்ள இயைபினையே சுட்டுகின்றது. சித்தாந்தத்துட் பதியிலக்கணத்தின் உயிர்நிலையாய் நிற்பதொரு பொருள், ஒரு பெண்மகளின் பெயராய்ச் சுருங்கி நிற்றலே இதன் தனிச்சிறப்பாகும்.

பெயர் பிறந்த தலம்

திருச்செங்கோடு இந்நாளில் நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்தது. அம்மாவட்டம் 1997-ஆம் ஆண்டிற் சேலம் மாவட்டத்தினின்று பிரித்தமைக்கப்பட்டது. தேவாரத்துட் கொடிமாடச் செங்குன்றூர் என வழங்கும் இப்பதி, திருப்பதிகம் பெற்ற கொங்கு நாட்டுத் தலங்கள் ஏழனுள் ஒன்று. செந்நிறங் கலந்த மலையின்மேல், ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளைக் கடந்து சென்று காணுமாறு கோயில் அமைந்துள்ளது. மலை பாம்பின் வடிவினதாகக் கருதப்படுதலின் நாககிரி, நாகாசலம் எனவும் பெயர்பெறும். ஏறும் வழியிற் பாறையிலே ஐந்தலை நாகம் ஒன்று பெரிதாகச் செதுக்கப்பட்டுள்ளது. அறுபதாம்படி யென்னும் இடத்தே நின்று சத்தியஞ்செய்து வழக்குத் தீர்க்கும் வழக்கமும் அந்நாட்டிலே பெயர்பெற்றதாகும்.

மலைமேல் மூலத்திருமேனி நின்ற கோலத்தினது. வலப்பால் இறைவனும் இடப்பால் இறைவியுமாக ஒரு திருமேனியே அமைந்துள்ளது. ஏனைய தலங்களில் இறைவன் திருமுன் வழிபட்டபின் அம்மையைக் காணப் பிறிதொரு திருமுன்னுக்குச் செல்லுதல் வழக்கம். ஈண்டோ அப்பனைக் கண்ட கண்ணே அம்மையையும் உடன் காணும். இறைவனுக்கு மாதொருபாகர், அர்த்தநாரீசுவரர் என்பன திருப்பெயர். இறைவிக்குப் பாகம்பிரியாள் என்பது திருப்பெயர்.

திருஞானசம்பந்தப்பிள்ளையார் இத்தலத்துக்கு அருளிய திருப்பதிகம் முதற்றிருமுறையில் உள்ளது. அதன் முதலிரண்டு திருப்பாட்டுக்களிலுமே உமையம்மையை ஒரு கூற்றிலே உடையனாய் இறைவன் நிற்றல் எடுத்தோதப்பட்டமை கருதத்தக்கது. பிள்ளையார் இங்குத் தங்கியிருந்தஞான்று, உடன்வந்த அடியார்களைப் பனிக்காய்ச்சல் பற்ற, திருநீலகண்டத் திருப்பதிகம் பாடி அதனை நீக்கியருளினார் என்பது சேக்கிழார் பெருமான் உரைத்த வரலாறு. இங்ஙனம் ஏழாம் நூற்றாண்டிற்கும் முற்பட்ட பழைமை இத்தலத்திற்கும், அம்மை ஒருபாகத்து அமர்ந்த கோலத்தின் வழிபாட்டிற்கும் உண்டென்பது தெளிவு.

சொல்லும் பொருளும்

இனி, இப்பெயரின் சொல்லமைப்பு ஆராயப்படும். பாகம் என்பது கூறு அல்லது ஒருபுடை. பிரியாள் என்பதற்கு இருவகையாகப் பொருள்கொள்ளுதல் உலகிற் காணப்படுகின்றது. வடமொழியிற் பிரியா என்பது விருப்பத்திற்குரியாள் எனப் பொருள்படும். அதனோடு தமிழ்விகுதி சேர்ந்து பிரியாள் என நின்றதெனக் கொண்டு, ஒருபாகத்தை விரும்பியவள் என உரைப்பார் ஒருசாரார். பிரிதல் என்னுந் தமிழ்வினையினின்று பிறந்ததாகக் கொண்டு, இறைவனது பாகத்தை விட்டு நீங்காதவள் என உரைப்பார் மற்றொருசாரார்.

இவ்விரண்டனுட் பின்னையதே பொருத்தமென்பது சொற்புணர்ச்சியானே விளங்கும். வடமொழித் தொகையாயின் பாகப்பிரியை என்றேனும் பாகப்பிரியா என்றேனும் ஒற்று மிக்கு நிற்றல் வேண்டும். ஈண்டு மகரம் கெடாது பாகம்பிரியாள் என்றே வழங்குகின்றது. வரம்பெற்றாள், தவம்புரிந்தாள் என்னுமிடங்களிற் பெயரின் மகரம் வினைச்சொற்கு முன்னர்க் கெடாது நிற்றல் போல்வதே இதுவும். ஆகலின் வருமொழி தமிழ்வினையே யென்பது பெறப்படும். எனினும், முற்கூறிய பொருளும் முற்றுங் கொள்ளத்தகாததன்று. விரும்பினார் பிரியார், பிரியாமைக்கு விருப்பமே ஏதுவாதலின், ஒரு பொருள் மற்றொன்றிற்கு அரண்செய்து நிற்கும்.

இன்னும் நுணுகி நோக்குழி, பிரியாள் என்னும் வினையிலே அரியதொரு நயம் அடங்கிக்கிடத்தல் புலனாம். பிரி என்பது பகுதி. ஆள் என்பது பெண்பால் விகுதி. இடையே நின்று எதிர்மறை உணர்த்தும் ஆகாரம் விகுதியின் ஆகாரத்தோடு புணர்ந்து கெட்டது. இங்ஙனம் எதிர்மறை ஆகாரம் பெற்ற வினை, தெரிநிலை வினையாயினும் காலத்தை வரையறுத்துக் காட்டுவதன்று. பிரிந்திலள் எனின் இறந்தகாலம். பிரிகின்றிலள் எனின் நிகழ்காலம். பிரியாள் எனின் முக்காலத்திற்கும் பொது. முன்னும் பிரிந்தாளல்லள், இன்றும் பிரிகின்றாளல்லள், இனியும் பிரியமாட்டாள் என்னும் மூன்றனையும் இவ்வொரு சொல்லே தன்னகத்துக் கொண்டுள்ளது. காலங் கடந்த பொருளைக் குறித்தற்குக் காலங் காட்டாததொரு வினையே பெயராய் வாய்த்தமை மகிழத்தக்கது.

தலபுராணமும் ஓர் ஆசங்கையும்

இத்தலத்து வழங்கும் வரலாறு பிருங்கி முனிவரைப் பற்றியது. அம்முனிவர் சிவபெருமானையன்றி உமாதேவியாரை வணங்காத உறுதிப்பாடுடையவர். அம்மையும் அப்பனும் ஒருங்கு வீற்றிருந்தகாலத்தும் அம்மையை விலக்கி அப்பனையே வலஞ்செய்தனர். அதுகண்ட அம்மை, முனிவர் உடலிலிருந்த தன் கூறாகிய ஆற்றலை வாங்கிக்கொள்ள, அவர் ஊனுங் குருதியும் வற்றி எலும்புந் தோலுமாய் நிற்கவும் இயலாது தளர்ந்தனர். இறைவன் மூன்றாவதொரு காலை அளித்து அவரை நிற்பித்தருளினன். பின்னர் அம்மை கேதாரவிரதம் நோற்று இறைவனது இடப்பாகத்தைப் பெற்றனள் என்ப. அவ்விரதம் கேதாரகௌரி விரதம் என்னும் பெயரால் தமிழ்நாட்டிலும் ஈழத்துச் சைவரிடத்தும் இன்றும் போற்றப்படுகின்றது. இருபத்தொரு நாள் நோற்று ஐப்பசி அமாவாசையன்று நிறைவு செய்வது அதன் முறை.

ஈண்டு ஓர் ஆசங்கை நிகழும். தவஞ்செய்து பாகம் பெற்றாள் எனின், அதற்குமுன் பாகம் பெறாதிருந்தாள் என்பது பெறப்படுமன்றோ? பெறாதிருந்ததொரு காலம் உண்டெனின், அம்மையும் அப்பனும் என்றும் பிரிப்பின்றி நிற்பர் என்னுஞ் சித்தாந்தம் என்னாம்? எனின், கூறுதும். இறைவனும் இறைவியும் ஆற்றுவன யாவும் உயிர்கள் உய்தற்பொருட்டாவன அன்றித் தமக்கொரு குறை தீர்தற்பொருட்டாவன அல்ல. மாணாக்கன் அறியும்பொருட்டு ஆசிரியன் தான் அறிந்த கணக்கையே பலகையில் ஒவ்வொரு படியாய் எழுதிக்காட்டுவன். அதுகொண்டு ஆசிரியன் அப்பொழுதே அதனை அறிந்தானெனக் கொள்வாரிலர். அதுபோல, என்றுமுள்ள பிரிவின்மையைப் பிருங்கி முதலாய உயிர்கள் கண்ணாற் கண்டு தெளியும்படி ஒரு காலத்தே ஒரு வடிவிற் காட்டியருளியதே இவ்வரலாறு என்க. அருத்தநாரி வடிவம் மகேசுர மூர்த்தங்கள் இருபத்தைந்தனுள் ஒன்றாக எண்ணப்படுதலும் இக்கருத்துப்பற்றியே. வடிவு வெளிப்பட்டமைக்குக் காலம் உண்டு, வடிவு உணர்த்தும் பொருளுக்குக் காலம் இல்லை.

இவ்வேறுபாட்டினை இத்திருப்பெயரே காத்துநிற்கின்றது. பாகம்பெற்றாள் என்று பெயர் வழங்கியிருப்பின், அஃது இறந்தகாலம் காட்டி, பெற்ற நாளையும் பெறாத நாளையும் வேறுபடுத்தும். பாகம்பிரியாள் எனவே அவ்வையம் எழுதற்கு இடமில்லையாயிற்று. புராணம் நிகழ்ச்சியைக் கூறிற்று. பெயர் உண்மையைக் கூறிற்று. புராணத்தைக் கேட்பார், பெயரையும் உடன்வைத்துக் கேட்பின் மயங்கார்.

சித்தாந்த நூற்றுணிபு

மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்திலே சத்தியை ஆணை என்னும் பெயராற் குறித்து, இறைவன் அதனோடு பிரிப்பின்றி நிற்றலை உணர்த்தினர். உயிர்கள் இருவினைக்கீடாகப் பிறந்திறந்து வருதல் அவ்வாணையானே நிகழ்வதென்பது ஆண்டுப் பெறப்படும். அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரில், இறைவனது அருளே சத்தி யென்றும், அவ்வருளை யொழித்துச் சிவமும் சிவத்தை யொழித்து அருளும் இல்லை யென்றும் இருதலையும் வைத்து விளக்கினர். உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனின் முதலதிகாரமாகிய பதிமுதுநிலையில், இரண்டாங் குறளிலேயே, சத்தியோடு வேறாதலிலன் இறைவன் என்பதனை நிறுவினர். ஆகவே மூவாசிரியரும் ஒருமுகமாகக் காட்டிய பொருள் இஃதென்க.

இவ்வியைபினைத் தாதான்மியம் என்பது சித்தாந்த வழக்கு. ஒரு பொருளே இருதன்மைப்பட்டு நிற்றல் என்பது அதன் பொருள். கதிரவனும் ஒளியும், தீயும் சூடும் போல்வன உவமைகள். ஒளியை நீக்கிக் கதிரவனைக் காண்பாரில்லை. கதிரவனை நீக்கி ஒளியை நிறுத்துவாருமில்லை. எண்ணும்பொழுது இரண்டாகவும், எடுக்கப்புகும்பொழுது ஒன்றாகவும் இருத்தல் அதன் இயல்பு. உயிர்க்கும் இறைவனுக்கும் உள்ள அத்துவிதம் இதனின் வேறு. ஆண்டுப் பொருள் இரண்டு, கலப்பினால் ஒன்று; ஈண்டுப் பொருள் ஒன்று, தன்மையினால் இரண்டு. இவ்விரு இயைபினையும் ஒன்றெனக் கொள்வார் சித்தாந்தத்தின் நுட்பத்தை இழப்பர்.

இதனாற் பாகம் என்னுஞ் சொல்லும் தெளிவுறும். பாகம் எனவே, இறைவன் இருகூறாகப் பகுக்கப்படும் பொருளோ எனின், அற்றன்று. அவன் அகண்டன், பகுக்கப்படுவது யாதும் அழியும் பொருளாதலின், அழிவிலானுக்குப் பகுப்பு இல்லை. வலம் இடம் என்பன காண்பாரது கண்ணுக்கு அமைந்தன. இருதன்மை யுண்மையை ஒரு வடிவிலே காட்டவேண்டிற்றாகலின், வடிவிற் பாகம் கூறப்பட்டது. பாகம் என்று இருமையை முற்கூறிப் பிரியாள் என்று அவ்விருமையிற் பிரிவை உடனே விலக்குதலின், இப்பெயர் தன் ஐயத்தைத் தானே எழுப்பித் தானே அறுக்கின்றது.

பிருங்கி முனிவர்க்கு நேர்ந்ததும் இந்நெறியானே நோக்கற்பாலது. தீயை வேண்டிச் சூட்டை வேண்டாதான் ஒருவன் உளனாயின், அவன் தீயையும் அடையான். அம்மையை விலக்கி அப்பனைப் பற்றப்புகுந்த முனிவர்க்கு நிற்றற்கும் வலியில்லையாயிற்று. அவர் நிற்கும் ஆற்றலும் அம்மையே யாதலின். எனினும் அவர் ஒறுக்கப்பட்டு ஒழிந்தாரல்லர். மூன்றாங் கால் பெற்று அடியாருள் ஒருவராயினார். அறியாமையைப் பொறுத்து அறிவித்தலே திருவருளின் செயல் என்பதற்கு அம்மூன்றாங் காலே சான்றாகும்.

பெயர் பரவிய வகை

பாகம்பிரியாள் என்னும் திருப்பெயர் செங்கோட்டு மலையோடு நின்றுவிடவில்லை. தென்கடற்றுறையாகிய தூத்துக்குடியிற் சங்கரராமேசுவரர் திருக்கோயிலில் அம்மைக்கு இதுவே பெயர். இராமநாதபுர மாவட்டத்துத் திருவாடானையைச் சார்ந்த திருவெற்றியூரில் வன்மீகநாதருடன் எழுந்தருளிய அம்மையும் பாகம்பிரியாளே. திருவெற்றியூர்க் கோயில் அம்மையின் பெயராலேயே பெரிதும் அறியப்படுவது. நோயும் நஞ்சுந் தீர வேண்டுவோரும், மகப்பேறு வேண்டுவோரும் கோயிலிற் றங்கி வழிபடும் வழக்கம் ஆண்டு உண்டு. வேண்டிப்பெற்ற மகவுக்கு அம்மையின் பெயரிடுதல் தமிழ்மக்களின் இயல்பாதலின், இராமநாதபுரஞ் சிவகங்கைப் பகுதிகளிற் பாகம்பிரியாள் என்னும் பெயருடைய பெண்டிரைக் காண்டல் எளிது.

கொங்கு நாட்டிலோ நிலை சிறிது வேறுபட்டது. திருச்செங்கோட்டைச் சூழ்ந்த ஊர்களிலும், சேலம் ஈரோடு முதலிய இடங்களிலும் அர்த்தநாரி என்பது ஆண்மக்களுக்குப் பெருவழக்காக இடப்படும் பெயர். சேலத்துப் புலவர் அர்த்தநாரீச வர்மா பெயரும் இத்தொடர்பினதே. செங்கோட்டு வேலவர் பெயராற் செங்கோடன், செங்கோட்டுவேலன், செங்கோட்டையன் என்பனவும் பயின்றுள்ளன. பாகம்பிரியாள் என்னும் பெண்பெயர் மட்டும் அவற்றோடு ஒப்பநோக்க அருகியே வழங்குகின்றது. அம்மையின் பெயர் தன் தாய்நிலத்து அருகியும், பிறநிலத்துப் பெருகியும் நிற்றல் வியப்பன்றோ?

இதற்குக் காரணம் ஒருவாறு ஊகித்தறியலாம். செங்கோட்டிலே இருவரும் ஒரு திருமேனியாய் நிற்றலின், அம்மையைத் தனியே எண்ணி வேண்டுதற்கும், தனியே பெயரெடுத்து அழைத்தற்கும் இடஞ் சுருங்கிற்று. அர்த்தநாரி என்னும் ஒரு பெயரிலேயே அப்பனும் அம்மையும் அடங்குதலின், அடியார் நாவு அதனிலேயே அமைந்தது. திருவெற்றியூர் முதலிய இடங்களில் அம்மை தனித்த திருமுன்னிலே எழுந்தருளியிருத்தலின் வேண்டுதலும் பெயரிடுதலும் அம்மையை நோக்கியே பெருகின. கண்ணுக்குப் பிரிவின்மை தோன்றுமிடத்து அதனைப் பெயர் கூறவேண்டுவதில்லை; கண்ணுக்கு இருதிருமுன் தோன்றுமிடத்துப் பெயரே பிரிவின்மையைக் கூறவேண்டுவதாயிற்று. இங்ஙனம் கொள்ளின், செங்கோட்டு வடிவம் செய்யும் உபதேசத்தை ஏனையிடங்களில் இப்பெயர் செய்கின்றதெனல் பொருந்தும்.

ஈண்டு மற்றொன்றும் நோக்கத்தக்கது. மாதொருபாகன், மங்கைபங்கன், உமைபாகன் என்பன இறைவனைத் தலைமையாக வைத்து அம்மையை அடையாக்கிய பெயர்கள். பாகம்பிரியாள் என்பதிலோ வினைமுதல் அம்மையே. பிரியாமை அவள் செயல், அவள் பெருமை. ஒரே பொருளை இறைவன் பக்கத்தினின்று கூறும் பெயர்கள் பல. அம்மையின் பக்கத்தினின்று கூறும் பெயர் இதனைப்போல் வேறொன்று காண்டல் அரிது. ஆண்மகற்கு அர்த்தநாரி யென்றும் பெண்மகட்குப் பாகம்பிரியாள் என்றும் ஒரு மனையிற் பெயர் வழங்குமாயின், சித்தாந்தத்தின் இருதலையும் அம்மனையில் ஒலிப்பதாம்.

அருகுதற்கு ஏதுக்கள்

இந்நாளில் இப்பெயர் மேலும் அருகிவருதற்கு ஏதுக்கள் சில உள. இரண்டு மூன்று எழுத்துக்களில் அமைந்த சிறுபெயரை விரும்புதலும், பிறந்த நாண்மீனுக்குரிய முதலெழுத்தை நோக்கிப் பெயர் தேடுதலும் பெருகியுள்ளன. நெடும்பெயர் உடையாரும் அதனைச் சுருக்கி அழைக்கப்படுகின்றனர். பாகம்பிரியாள் என்பதனை முன்னும் பின்னும் குறைத்துப் பிரியா என்றழைத்தல் எளிது. தமிழாக நோக்கின் பிரியா என்பதும் நீங்காத என்னும் பொருளுடையதே. ஆயினும், கேட்பார் அதனை விருப்பத்திற்குரியாள் என்னும் வடசொல்லாகவே கொள்வர். உரோம எழுத்தில் எழுதுவார் முதலிகரத்தை விட்டு எழுதுதலும் அம்மயக்கத்தை உறுதிசெய்கின்றது. இங்ஙனம் பெயரின் ஒலி நின்று பொருள் கழன்றுபோகின்றது.

மற்றொரு தடை செவியைப் பற்றியது. உலகவழக்கிற் பாகம்பிரித்தல் என்பது உடன்பிறந்தார் சொத்தினைக் கூறிட்டுக்கொள்ளுதல். பாகப்பிரிவினைப் பத்திரம் என்பது நாட்டுப்புறத்தாரும் நன்கறிந்த தொடர். அச்சொற்களோடு பழகிய செவிக்கு இத்திருப்பெயர் பிரிவினையை நினைப்பிப்பதாகத் தோன்றி, மங்கலமன்றெனத் தள்ளப்படுதலும் கூடும். ஓரெழுத்தின் வேறுபாட்டைக் கருதாமையால் வந்த பிழை இது. பிரிப்பாள் என்பதும் பிரிவாள் என்பதும் அன்று பெயர்; பிரியாள் என்பதே பெயர். பிரிவினையை முற்றும் விலக்குதற்கே எழுந்த சொல்லைப் பிரிவினைச் சொல்லாகக் கருதி விலக்குதல், மருந்தை நோயென்று எறிதலை ஒக்கும்.

பாகம் என்னுஞ் சொல் பெண்மக்கள் வாழ்வில் வேறொருவகையாலும் பொருளுடையதாயிற்று. அம்மைக்கு இறைவன் திருமேனியிற் பாதி உண்டென்று பாடி வழிபட்ட நாட்டிலே, மூதாதையர் வழிவந்த கூட்டுச்சொத்தில் மகளுக்குப் பிறப்பானே வரும் பாகம் நெடுங்காலம் இல்லாதிருந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும் அந்நிலையை முற்ற மாற்றவில்லை. 1989-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வந்த திருத்தம், மணமாகாதிருந்த மகளிர்க்கு மைந்தரோடொத்த பாகத்தை அளித்தது. 2005-ஆம் ஆண்டின் நடுவணரசுத் திருத்தம், மணமானவர் ஆகாதவர் என்னும் வேறுபாடின்றி நாடெங்கும் அதனை விரித்தது. அம்மையின் பாகத்தை நாவாற் கூறினோர், மகளின் பாகத்தைக் கையால் எழுத நெடுநாள் சென்றது. வழிபாடு வாழ்க்கையினின்று பிரிந்து நிற்குமாயின், அதுவும் பிருங்கி முனிவர் செய்த பிழையின் வகையே யாம். அம்மையை வலஞ்செய்து மகளை விலக்குவார், தாம் வலஞ்செய்த பொருளை உணர்ந்தாரல்லர்.

பெயர் உணர்த்தும் பயன்

இத்திருப்பெயரின் முடிந்த பயன் உயிர்க்கு ஆறுதலாதலே. சத்தி சிவத்தைப் பிரியாள் என்பது கடவுளின் இயல்பைக் கூறும் அளவில் நின்றுவிடுவதன்று. அச்சத்தியே உயிரறிவினுள் நின்று அதனைச் செலுத்துவது. உயிர் மலத்தாற் கட்டுண்டு இறைவனை மறந்து திரியுங்காலத்தும், திரோதானம் என்னும் பெயர்பூண்டு மறைந்து நின்று, மலம் பக்குவமுறுமாறு நடத்துவதும் அதுவே. மலம் பக்குவப்பட்டஞான்று மறைப்பு நீங்கி அருளாய் வெளிப்படுதலைச் சத்திநிபாதம் என்பர். வெளிப்பட்டபொழுது மட்டும் உடனாய், மறைந்தபொழுது அகன்றாள் என்பதில்லை. உயிரை அவள் பிரியாள், சிவத்தையும் பிரியாள். ஆகவே, உயிர் எத்துணைத் தாழ்ந்த நிலையில் உழன்றவிடத்தும் சிவத்தினின்று தனிப்பட்டு நின்றதாகாது. தனித்து விடப்பட்டோம் என்று கலங்கும் நெஞ்சிற்கு இதனினும் உறுதிமொழி வேறில்லை.

பிறந்த மனையை விட்டுப் புகுந்த மனைக்குச் செல்லுதல் பெண்மக்கட்கு உலகம் வகுத்த வழக்கு. தாய் தந்தையரைப் பிரிதல், மக்களைப் பிரிதல், இறுதியில் உடம்பைப் பிரிதல் எனப் பிரிவே நிறைந்த வாழ்விலே, பிரியாள் என்னும் பெயரை ஒரு மகளுக்கு இடுதல், மாறாததொன்றை அவள் கையிற் கொடுத்து அனுப்புதலாம். அழைப்பார் வாயிலும், அழைக்கப்படுவாள் செவியிலும் அஃது ஒருங்கே ஒலிக்கும்.

ஆதலின், பாட்டியாரது பெயர் பாகம்பிரியாள் எனக் கேட்டறிந்த குடும்பத்தார், பெயர்த்திக்கு அதனை இடுதற்கு நாணவேண்டுவதில்லை. மனையிற் செல்லமாக யாங்ஙனம் அழைப்பினும், பிறப்புப் பதிவிலும் பள்ளியேட்டிலும் மணவோலையிலும் முழுப்பெயரையே பொறித்தல் தக்கது. பெயரின் பொருளை அப்பெண்மகள் அறியும் பருவத்தே, செங்கோட்டு மலைப்படிகளில் அவளைக் கைப்பிடித்து அழைத்துச்சென்று, ஒரு திருமேனியில் இருவரும் நிற்கும் நிலையைக் காட்டி, உன் பெயர் இது என்று கூறுதல் இன்னுஞ் சிறந்தது. அவ்வொரு காட்சி, தாதான்மியம் என்னும் அருஞ்சொல்லை அவள் பின்னர் நூலிற் கற்கும்போது, முன்னரே அறிந்ததொன்றாக அவளுக்குத் தோன்றச்செய்யும்.